மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்: பேட்டரி சார்ஜ் ஏறவில்லை, சார்ஜரில் பச்சை விளக்கு மட்டும் எரிகிறது

வெண்ணாற்றுக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவிடம் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் இருக்கிறது, பதிவெண் தேவைப்படாத ரகம், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் வயலுக்குப் போகிற மண்பாதை உளையாகிவிட்டது. இனி ஓட்ட முடியாது என்று வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, அக்கா வீட்டுக்குத் திருச்சி போனவர் பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தார். வந்து சார்ஜ் போட்டால் ஏறவே இல்லை.

லித்தியம் பேட்டரி, மேலே 48 வோல்ட் 24 ஆம்பியர்-அவர் என்று எழுதியிருக்கிறது, கைப்பிடி வைத்துக் கழற்றுகிற மாதிரி இருக்கும். வழக்கமாகச் சார்ஜ் போட்டால் சார்ஜரில் சிவப்பு எரியும், நிறைந்ததும் பச்சையாகும். இப்போது போட்ட உடனே பச்சைதான், ராத்திரி முழுக்க வைத்திருந்தும் பச்சைதான். சாவி போட்டால் டிஸ்பிளே வரவில்லை. பேட்டரியில் அளவு பார்க்கிற பட்டனை அழுத்தினாலும் ஒரு விளக்கும் எரியவில்லை. உப்பவில்லை, வாடை எதுவும் இல்லை. சார்ஜ் துளையின் பின்னில் லேசாகப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது.

வாரண்டி முடிந்துவிட்டது. வாங்கின கடையில் பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் புதிது போடுங்கள் என்கிறார்கள், அதன் விலையோ வண்டி விலையில் பாதிக்குப் பக்கத்தில் வருகிறது. ஊரில் ஒருவர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்துக் கொஞ்ச நேரம் கொடுத்தால் உயிர் வந்துவிடும் என்கிறார். செய்யலாமா? அப்பாவுக்கு முட்டிவலி, அந்த வண்டி இல்லாமல் அறுவடை நேரத்தில் வயல் பக்கம் போகவே முடியாது, அதனால்தான் கேட்கிறேன்.

குடந்தை பட்டறை:

தம்பி, முதல் வேலையாக இன்வெர்ட்டர் பேட்டரி யோசனையைக் கைவிடுங்கள். வயர் எதையும் இணைக்க வேண்டாம். அளந்து பார்க்காமல் ஒரு பேட்டரிக்கு உயிர் கொடுக்கப் போவதுதான் இந்த வேலையில் ஆபத்தான இடம், மற்றதெல்லாம் நிதானமாகச் செய்தால் சரியாகிவிடும்.

பச்சை விளக்கு என்றால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று மட்டும் அர்த்தம் இல்லை. சார்ஜரிலிருந்து கரண்ட் போகவில்லை என்றுதான் அர்த்தம். நிறைந்திருந்தாலும் போகாது, நடுவில் எங்கேயாவது பாதை அறுந்திருந்தாலும் போகாது. உங்களுக்கு இரண்டாவதுதான். எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற மலிவு மீட்டரே போதும்.

மீட்டரை டிசி 200 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு வயர் வோல்ட் துளையில்தான் இருக்க வேண்டும், 10 ஆம்பியர் என்று போட்டிருக்கிற துளையில் இருந்தால் தொட்ட மாத்திரத்தில் ஷார்ட் ஆகிப் பொறி பறக்கும், இதை இரண்டு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரியில் செருகாமல் சார்ஜரின் வாயை மட்டும் அளங்கள். 54 வோல்ட்டுக்கு மேல் வந்தால் சார்ஜர் நன்றாக இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் உடனே சார்ஜர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பேட்டரி இருப்பது தெரிந்தால்தான் வோல்ட் கொடுக்கிற சார்ஜர்களும் உண்டு.

அடுத்தது பேட்டரியின் சார்ஜ் துளை. அங்கேயும் வண்டியில் மாட்டுகிற முனையிலும் என்ன வருகிறது என்று பாருங்கள். பூஜ்யம் வந்தாலும், இரண்டு மூன்று என்று சில்லறை வோல்ட் வந்தாலும் பயப்பட வேண்டாம். உள்ளே பி.எம்.எஸ் என்று ஒரு காவல் போர்டு இருக்கிறது, செல்கள் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அது கதவை மூடிவிடும், அப்போது வெளியே உண்மையான வோல்ட் தெரியாது. ஆக, வெளியே பூஜ்யம் என்பது செல் செத்ததற்குச் சான்று ஆகாது. ஃபியூஸ் போயிருந்தாலும் இதே கதைதான், அதனால் பேட்டரியில் ஃபியூஸ் மூடி இருந்தால் கழற்றிப் பார்த்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் எம்.சி.பி (பேட்டரியிலிருந்து வரும் கரண்டை நிறுத்துகிற சுவிட்ச்) இருந்ததா, மழைக்கு நிறுத்தும்போது அது எந்தப் பக்கம் இருந்தது என்று அப்பாவிடம் கேளுங்கள்.

களிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்கும், அதை அடித்துப் பழைய பல் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்துக் காயவிடுங்கள். எண்களை இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

மன்னை சைக்கிள்:

எனக்கும் போன வருஷம் இதே தொல்லை வந்தது சார். இன்வெர்ட்டர் எல்லாம் வேண்டாம், அது லெட் ஆசிட், வோல்ட்டும் ஒத்துவராது. ஆனால் அதே வோல்ட்டில் நன்றாக இருக்கிற இன்னொரு லித்தியம் பேட்டரி கிடைத்தால், பிளஸ்ஸுக்குப் பிளஸ் மைனஸுக்கு மைனஸ் போட்டு ஒரு சில நிமிஷம் பிடித்தால் பி.எம்.எஸ் விழித்துக்கொள்ளும், உடனே சொந்தச் சார்ஜரைச் செருகினால் சிவப்பு எரியும். எங்கள் ஊர் மெக்கானிக் அப்படித்தான் செய்து கொடுத்தார், இன்றைக்கும் ஓடுகிறது. புது பேட்டரிக்குப் பணம் கொட்டுவதற்கு முன்னால் இதை முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து.

நாகை உப்புக்காற்று:

மன்னைக்காரருக்கு வேலை செய்தது உண்மையாகவே இருக்கும், அவருடைய செல்கள் அதிகம் இறங்காமல் பி.எம்.எஸ் மட்டும் தூங்கியிருக்கும். ஆனால் அதை எல்லோருக்கும் வழியாகச் சொல்ல முடியாது, ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் இதைத்தான் பாடமாக எடுக்கிறேன்.

லித்தியம் செல்லின் நெகட்டிவ் பக்கத்தில் கிராஃபைட் பூச்சு ஒரு மெல்லிய செப்புத் தகட்டின் மேல் இருக்கிறது. செல் மிக ஆழமாக இறங்கிவிட்டால் அந்தச் செம்பு கரைய ஆரம்பிக்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு பழைய இடத்துக்குப் போய் ஒழுங்காக ஒட்டாது. கண்ட இடத்தில் படியும், முள் மாதிரி வளர்ந்து இரண்டு பக்கத்தையும் பிரிக்கிற சவ்வைத் துளைக்கவும் செய்யும். அன்றைக்கே ஒன்றும் ஆகாது. வண்டி ஓடும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு ஒரு நாள் ராத்திரி சார்ஜில் இருக்கும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் சூடேறும். பி.எம்.எஸ் வெளியே நடப்பதைத்தான் தடுக்கும், செல்லுக்குள் நடக்கிற ஷார்ட்டை அதனால் தடுக்க முடியாது.

அதனால் செல் எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்ற எண்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சாதாரண லித்தியம் செல் நிறைந்தால் 4.2 வோல்ட், பயன்பாட்டில் 3க்குக் கீழே விடுவதில்லை. 2.5க்கு மேல் நிற்கிற செல்லைக் குறைந்த கரண்டில் மெதுவாக மேலே கொண்டுவரலாம். 2க்கும் 2.5க்கும் நடுவே என்றால் விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து, கரண்டைக் கட்டுப்படுத்துகிற பவர் சப்ளையில் போட்டு, சூடு பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். 1.5க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்த செல்லை யார் சொன்னாலும் எழுப்பக் கூடாது. இன்னொரு பேட்டரியை நேராக இணைக்கும்போது எவ்வளவு கரண்ட் பாய்கிறது என்பது யார் கையிலும் இல்லை, செல் எந்த எண்ணில் கிடக்கிறது என்றும் பார்ப்பதில்லை. எனக்கு இருக்கிற மறுப்பு இந்த இரண்டும்தான்.

இன்னொன்று. வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்காலத்தில் பேட்டரி கெட்டதற்குக் குளிரைக் காரணமாகச் சொல்வார்கள். அங்கே அது சரி, உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும். நம் மார்கழிப் பனி அந்தக் கணக்கில் வராது. டெல்டாவில் மழைக்காலத்தில் பேட்டரியைக் கெடுப்பது ஈரமும், வண்டி சும்மா நிற்கும்போது சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற கரண்டும்தான். மோட்டாரை இயக்குகிற கன்ட்ரோலரும் டிஸ்பிளேயும் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-அவர், மூன்று மாதத்தில் 21க்கு மேல் போய்விடும். உங்கள் பேட்டரியே 24தான். அப்புறம் பி.எம்.எஸ் கதவை மூடினாலும், அது தனக்கென்று எடுக்கிற சிறு கரண்ட் நிற்பதில்லை.

வெண்ணாற்றுக்கரை:

அண்ணன், அக்கா இரண்டு பேருக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

சார்ஜர் வாயில் 54.5 வருகிறது. களிம்பை எடுத்துக் காயவிட்ட பிறகு சார்ஜ் துளையில் 3.1, வண்டியில் மாட்டுகிற முனையில் பூஜ்யம். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. எம்.சி.பி ஆன் பக்கம்தான் இருந்திருக்கிறது. மழை பலமாகப் பெய்தபோது கொட்டகையின் கீற்று ஒழுகி வண்டி மேல் தண்ணீர் சொட்டியது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், உள்ளே போயிருக்குமா தெரியவில்லை. இனி என்ன செய்ய வேண்டும்? பேட்டரியை நானே பிரிக்கலாமா?

குடந்தை பட்டறை:

பிரிக்காதீர்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே செல்களின் முனைகளை இணைக்கிற நிக்கல் பட்டைகள் திறந்த நிலையில் இருக்கும், ஒரு ஸ்க்ரூடிரைவர் நழுவி இரண்டு வரிசைக்குக் குறுக்கே (ஒன்றாக இணைத்த செல்களின் ஒரு தொகுப்பைத்தான் வரிசை என்கிறோம்) விழுந்தால் போதும், தீதான். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் லித்தியம் பேட்டரி கட்டுகிற பட்டறைகள் வந்துவிட்டன, அங்கே கொண்டுபோங்கள். பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே எடுத்துப் போகாதீர்கள்.

சார்ஜர் சரி, ஃபியூஸ் சரி, வெளியே வோல்ட் இல்லை என்றால் பி.எம்.எஸ் மூடியிருக்கிறது, அல்லது நனைந்து கெட்டிருக்கிறது. பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் தனித்தனியாக அளந்து என் கண் முன்னால் எழுதிக் கொடுங்கள். மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றிவிடலாம் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மொத்தத்தில் பார்த்தால் நல்ல வரிசைகள் கெட்ட வரிசையை மறைத்துவிடும்.

அதற்கு முன்னால் பேட்டரி எந்த ரகம் என்று தெரிய வேண்டும். 48 வோல்ட் என்று போட்டு இரண்டு ரகம் வருகிறது. என்.எம்.சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம் செல்) என்றால் 13 வரிசை, நிறைந்தால் 54.6. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் பெரும்பாலும் 15 அல்லது 16 வரிசை, ஒரு செல் 3.65இல் நிறைந்துவிடும், 15 வரிசை என்றால் 54.75 ஆகிறது. பார்த்தீர்களா, சார்ஜர் வோல்ட்டை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்டிக்கரைப் பாருங்கள், இல்லாவிட்டால் திறந்து வரிசையை எண்ணினால்தான் தெரியும். பாஸ்பேட் செல்லை 4.2க்கு ஏற்றினால் கெட்டுவிடும், ஆகவே ரகம் தெரியாமல் எவரும் பவர் சப்ளையைத் திருகக் கூடாது.

பூண்டி ரோடு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பழைய லெட் ஆசிட் வண்டி, 12 வோல்ட் நான்கு. அதுவும் மழைக்கு நின்றது, இப்போது சார்ஜ் ஏறுகிறது ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. லித்தியம் மாதிரியே பாதி அளவில் வைத்துத்தான் நிறுத்தியிருந்தேன். இதற்கும் அதே வைத்தியம்தானா?

நாகை உப்புக்காற்று:

இல்லை, லெட் ஆசிட்டுக்கு நேர் எதிர். லித்தியத்தைப் பாதியில் வைத்து நிறுத்த வேண்டும், 40க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவே, நிறைய ஏற்றி மாதக்கணக்கில் வைத்தால் அதுவும் ஆயுளைக் குறைக்கும், வெயில் காலத்தில் தகரக் கொட்டகைக்குள் என்றால் இன்னும் மோசம். லெட் ஆசிட்டை நிறைய ஏற்றித்தான் நிறுத்த வேண்டும், மாதம் ஒரு தரம் மறுபடி ஏற்ற வேண்டும். அது குறைவாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், கொள்ளளவு போய்விடும். நிறைந்த 12 வோல்ட் பேட்டரி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.7 பக்கம் காட்ட வேண்டும். நான்கையும் தனித்தனியாக அளங்கள், அதில் ஒன்றுதான் மற்றதை இழுத்துக்கொண்டிருக்கும். உங்கள் சார்ஜரை லித்தியம் வண்டிக்கும், லித்தியம் சார்ஜரை உங்கள் வண்டிக்கும் செருகி மட்டும் பார்க்காதீர்கள்.

வெண்ணாற்றுக்கரை:

தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் திறந்து பார்த்தார்கள். என்.எம்.சிதான், 13 வரிசை, வரிசைக்கு 10 செல். 11 வரிசைகள் 2.6க்கும் 2.7க்கும் நடுவே இருக்கின்றன. மீதி இரண்டு வரிசைகள் 1.1, 0.9. அந்த இரண்டும் போர்டுக்குப் பக்கத்தில் இருப்பவை, போர்டில் அந்த இடத்து மெல்லிய வயர்கள் பச்சையாகிக் கிடக்கின்றன. ஈரம் போய் அந்த வழியாகவே கரண்ட் கசிந்திருக்கும் என்கிறார். போர்டை மாற்றி எல்லாவற்றையும் சேர்த்து மெதுவாக ஏற்றினால் செலவு குறைவு, இல்லாவிட்டால் இரண்டு வரிசையை மாற்ற வேண்டும் என்றார். நாங்கள் பதில் சொல்லாமல் வந்திருக்கிறோம். அப்பாவுக்குச் செலவு குறைந்த வழிதான் பிடித்திருக்கிறது.

குடந்தை பட்டறை:

அந்த இரண்டு வரிசையையும் ஏற்றக் கூடாது. எப்போதிலிருந்து அந்த எண்ணில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கார்த்திகையிலேயே இறங்கியிருக்கலாம். அப்பாவிடம் நாகை அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

11 வரிசை 2.6க்கு மேல் நிற்பது நல்ல செய்தி. புது பி.எம்.எஸ் போட்டு, இரண்டு வரிசையையும் எடுத்துவிட்டு அதே கொள்ளளவு செல்களைப் புதிதாக ஸ்பாட் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், நேராக செல் மேல் சால்டரிங் வைத்தால் சூட்டில் கெடும். மாட்டுவதற்கு முன்னால் பழைய வரிசைகளை 1 ஆம்பியருக்கு மேல் போகாமல் 3 வோல்ட் வரைக்கும் கொண்டுவந்து, அப்புறம் வழக்கமான கரண்டில் ஏற்றி, கொள்ளளவு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கட்டும். 24 ஆம்பியர்-அவரில் 18, 19 நின்றால் மாற்றுவது லாபம். 15க்குக் கீழே வந்தால் அதில் பணம் போடாதீர்கள், புது செல் இரண்டு வரிசை போட்டாலும் பழையது எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மொத்தப் பேட்டரியும் தாங்கும். அப்போது கடைக்காரர் சொன்னதுதான் சரியான வழி, வருத்தமாக இருந்தாலும்.

எடுத்த செல்களைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள், வாய்க்காலிலும் எறியாதீர்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்கள் பழையதைத் திரும்பச் சேகரித்தாக வேண்டும், வண்டி வாங்கிய கடையிலேயே கேளுங்கள்.

மன்னை சைக்கிள்:

இதையெல்லாம் படித்த பிறகு என் பேட்டரியையும் ஒரு தரம் வரிசை வரிசையாக அளக்கக் கொடுக்கப் போகிறேன். அதுவரை ராத்திரி சார்ஜ் போடுவதில்லை.

நாகை உப்புக்காற்று:

நல்ல முடிவு. மழைக்கு முன்னால் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், வெண்ணாற்றுக்கரை, அப்பாவுக்காக. பேட்டரி கழற்றுகிற ரகம்தானே, ஐப்பசி பிறந்ததும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள், எம்.சி.பியை அணைத்துவிடுங்கள். தரையில் வைக்காமல் பெஞ்சு மேல் வையுங்கள், நெல் மூட்டை பக்கத்திலும் வைக்கோல் பக்கத்திலும் வேண்டாம். கீற்றுக் கொட்டகையில் சார்ஜ் போடவே கூடாது. மாதம் ஒரு தரம் அளவு பட்டனை அழுத்திப் பார்த்துப் பாதிக்குக் கீழே போயிருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள், 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் வராத கிராமங்கள் இருந்தன. கடலோரம் இருக்கிறவர்கள் சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி இல்லாமல் வைக்கவே வேண்டாம்.

வெண்ணாற்றுக்கரை:

அப்பா ஒப்புக்கொண்டார். இரண்டு வரிசையும் போர்டும் மாற்றச் சொல்லிவிட்டோம், பழையவை 19.2 நின்றன. அறுவடை வரைக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் தன் வண்டியில் அவரை வயலில் இறக்கிவிடுகிறேன் என்றிருக்கிறார். பேட்டரி கைக்கு வந்ததும் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

குடந்தை பட்டறை:

நிறைய ஏற்றி, வண்டியில் மாட்டாமல் ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டு வரிசைகளை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றாகக் கொஞ்சம் இறங்கினால் கவலை இல்லை. ஏதாவது ஒரு வரிசை மட்டும் மற்றவற்றை விட்டுத் தனியாக இறங்கிக்கொண்டே போனால் வண்டியில் மாட்டாமல் அந்த எண்ணை இங்கே எழுதுங்கள். முதல் சில சார்ஜ் பகலில், ஆள் இருக்கும்போது, வெளித் திண்ணையில் வைத்துப் போடுங்கள், அவ்வப்போது கையால் தொட்டுச் சூடு பாருங்கள்.